சுவிட்ச் பற்றி எழுதவில்லை

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை, விட்டு விட்டு. பின்பக்க ஓடை நிரம்பிவிட்டது. தேங்காய் வெட்ட வருவதாகச் சொன்னவன் இன்றும் வரவில்லை. ரத்த அழுத்த மாத்திரை 7.10-க்கு. பத்து நிமிடம் தாமதம்.

பதினொரு மணிக்கு எதிர் வீட்டு ஜெனிஷ் வந்தான். கத்தாரில் ஏழு வருடம் இருந்துவிட்டுப் போன மாதம் ஊருக்கே திரும்பியவன். கூடவே ஒரு சிவப்புக் கார். இரண்டே கதவு, தரையை ஒட்டிய உடம்பு. எங்கள் தெருமுனையில் திரும்ப அது மூன்று முறை முன்னும் பின்னும் போக வேண்டும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

“சார், வண்டி சத்தம் போட மாட்டேங்கு.”

சத்தம் போடவில்லை என்று ஒருவன் குறை சொல்லி வருவதை இப்போதுதான் பார்க்கிறேன். உட்காரச் சொன்னேன்.

“நல்லா சவுட்டினா கெர்ர்ருன்னு வருகு சார். ரோமம் எந்திச்சு நிக்கும். கால எடுத்தா பூனக்குட்டி. எனக்கு எப்பமும் அந்தச் சத்தம் வேணும். ஷோரூம்ல கை வைக்க மாட்டேன்னுட்டான். முப்பது வருசம் கார் பாடம் எடுத்த மனுசன் எதுத்தாப்புல இருக்கும்பம் நான் எதுக்கு வேற எவன் கால்லயும் விழணும்?”

“பார்க்கிறேன் தம்பி” என்றேன்.

அவன் படி இறங்கியதும் பகவதி அடுக்களையிலிருந்து: “பாக்கேன்னா செஞ்சிருவேன்னு அர்த்தம். ‘முடியாது’ங்குத வார்த்தைய ஒங்க வாயில கடவுள் வைக்கல்ல.”

நாற்பத்து நான்கு வருடமாக அவள் சொல்வது எல்லாம் சரியாகவே இருக்கிறது. அதுதான் சகிக்க முடியாதது.

பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருடம் ஆட்டோமொபைல் பாடம் நடத்தினேன். ஒரு காருக்கு அடியில் படுத்ததில்லை. அதற்கு ஒர்க்‌ஷாப் ஆள் தனியாக உண்டு. கரும்பலகையில் மூன்று நிறச் சாக்பீஸில் எஞ்சின் வரைவேன். பையன்கள் வைத்த பெயர் ‘சாக்பீஸ் மெக்கானிக்’. எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடத்தில் வண்டி விஷயமாக என்னிடம் வந்த முதல் ஆள் ஜெனிஷ்.

ஜூன் 10, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். அந்தக் காரின் புத்தகத்தை ஜெனிஷிடம் வாங்கி நாள் முழுவதும் படித்தேன்.

குறிப்பு:
1. பின் சைலன்சரில் இரண்டு வாய். ஒரு வாய்க்குள் வட்டத் தகடு ஒன்று, ஜன்னல் கதவு மாதிரி திரும்பும். அதுதான் வால்வு.
2. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு சிறு ரப்பர் குழாய் வழியே காற்றை உறிஞ்சி அந்தத் தகட்டை மூடி வைக்கிறது. அந்தக் குழாய்க்குப் பெயர் வெற்றிடக் குழாய். சத்தம் அடங்கும்.
3. வேகம் ஏறினால் உறிஞ்சுவதை விட்டுவிடும். ஸ்பிரிங் தகட்டைத் திறக்கும். சத்தம்.
4. ஆகவே குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிட்டால் வால்வு எப்போதும் திறந்தே இருக்கும்.

ஒரு போல்ட் போதும். இவ்வளவுதானா என்று ஏமாற்றம். ஆனாலும் இரண்டு தாளில் படம் வரைந்தேன், அம்புக்குறி, எண்கள், எல்லாம். ஜெனிஷ் அதைப் போனில் படம் எடுத்தான். “பிரேம் போட்டு வைக்கணும் சார்.” இரண்டு மணி நேரம் மனசு நிறைந்திருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

சட்டப்படி தவறு. இதையும் எழுதி வைக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஜூன் 12, வியாழன்

செய்தாயிற்று. ஜெனிஷ் வீட்டுப் போர்ட்டிகோவில் ஜாக்கி, அதன் பக்கத்தில் இரண்டு மரக்கட்டை (ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, முதலாண்டுப் பாடம்). கீழே கோரைப்பாய். எழுபத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒரு காரின் அடிவயிற்றைப் பார்த்தேன். நான் வரைந்த மாதிரியே இருந்தது. அதை நம்ப முடியவில்லை.

குழாயை இழுத்தேன், வந்தது. ஆறு மில்லி போல்ட்டை அதன் வாயில் செருகிக் கிளிப் போட்டேன். நாற்பது நிமிடம். ஒர்க்‌ஷாப்காரன் என்றால் நான்கு.

“ஸ்டார்ட் பண்ணு.”

புளிய மரத்துக் காக்கைகள் மொத்தமும் எழும்பின. எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து ராஜப்பன் குரல்: “எவம்லே அது, வீட்டுக்குள்ள லாரி ஏத்துகது?”

ஜெனிஷ் என்னைக் கட்டிப்பிடித்தான். என் சட்டையெல்லாம் கிரீஸ்.

முட்டம் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம் என்றான். போனேன். இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் காதில் இல்லை, வயிற்றில். வயல்களுக்கு நடுவே போகும்போது கொக்குகள் வரிசையாக எழும்பியது அழகாகக்கூட இருந்தது. கலங்கரை விளக்கம் பக்கம் நிறுத்தியதும் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நடந்து வந்தார், பின்னால் குனிந்து பார்த்தார்.

“மக்கா, சைலன்சர் ஓட்டையாயிட்டு. நம்ம போட்டுக்கு வெல்டு வைக்கித ஆளு ஒருத்தன் உண்டு. செல்லட்டா?”

ஜெனிஷ் முகம் போன போக்கு! திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குள் சிரிப்பு.

இரவு பகவதி கிரீஸ் சட்டையை மட்டும் வாளியில் தனியாகப் போட்டிருந்தாள்.

ஜூன் 14, சனி

மாலை நடை, ரா.வோடு. (ரா. என்றால் ராஜப்பன். பள்ளிக்கூட டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு வருடமாகக் குளத்தங்கரை வரை போய்த் திரும்புகிறோம். இந்த ஊரில் என்னை ‘சார்’ என்று கூப்பிடாத ஒரே ஆள்.)

அவர் மனைவி சரோஜத்துக்குக் காதுக்குள் ஏதோ கோளாறு, இரண்டு வருடமாக. திடீரென்று தலை சுற்றும். சுவரைப் பிடித்து நடப்பார்.

“இந்த எளவு வண்டி வந்ததுக்குப் பொறவு அவளுக்குத் தலசுத்தும் வெப்ராளமும் கூடிப்போச்சு வேய். சத்தம் கேட்டா தரை சாயுதுங்கா. நேத்து அடுக்களையில அப்படியே குத்த வச்சிட்டா.”

நான் வானத்தைப் பார்த்தேன். மேற்கே கறுப்பு.

“மொதல்ல இப்படி இல்லியே. எந்தச் சவம் இத செஞ்சு குடுத்துதோ, அவன் காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்தணும். என்ன சொல்லுதீரு?”

“ஆமாம்” என்றேன்.

அந்த ஒரு சொல்லை இங்கே எழுதுவதற்கு அரை மணி நேரம் எடுத்தது.

தீர்மானம்: போல்ட்டை எடுத்துவிட வேண்டும். ஜெனிஷிடம் போனேன். “ஐயோ சார், இப்பந்தான் வண்டிக்கு உசுரு வந்திருக்கு.” எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை. வேறு யோசனை சொன்னேன். ஒரு சுவிட்ச் வைத்தால் தெருவுக்குள் அமைதி, வெளியே அவன் இஷ்டம். ரெண்டு பேருக்கும் நல்லது. எனக்கு இப்படித்தான் யோசிக்க வரும்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. சுவிட்ச் வைத்தாயிற்று. போல்ட் எடுத்துவிட்டுக் குழாயின் நடுவே மின்சாரத்தில் திறந்து மூடும் சிறு வால்வு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இடது பக்கம், கை போனால் தட்டுப்படும் இடத்தில் சுவிட்ச். மேலே தள்ளினால் கம்பெனி விட்டபடி அடக்கம். கீழே என்றால் பழைய கர்ஜனை.

“தெருவுக்குள்ள வரும்போது மேலே. மறக்காதே தம்பி. ராஜப்பன் வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லை.”

“கொள்ளாம் சார்! மூளைன்னா இதாக்கும்.”

ஜூன் 19, வியாழன்

இரண்டு நாள் கணக்கு (வராந்தாவில் உட்கார்ந்து குறித்தது): தெருவில் வந்தது, போனது மொத்தம் 11. சுவிட்ச் மேலே இருந்தது 2. இரண்டு முறையும் நான் வாசலில் நின்றேன்.

தேங்காய்க்காரன் வந்தான். 86 காய்.

ஜூன் 20, வெள்ளி

பகல் 12.20. சாப்பாட்டுக்கு முன் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டில் கார் ஸ்டார்ட் ஆயிற்று. கீழே போட்டிருக்கிறான், சுவிட்ச். முதல் அதிர்வு, பிறகு கனத்து இறங்கி நிற்கும் ஒரு நாதம். குறை ஒன்றும் இல்லை, கிளிப் சரியாகப் பிடித்திருக்கிறது, கசிவு இல்லை என்று நினைத்தேன். தலையைக்கூட ஆட்டினேன்.

அதன் மேல் சரோஜத்தின் குரல்.

கொல்லைப் படியில் விழுந்து கிடந்தார். துணி எடுக்கப் போனாராம். கையில் ரா.வின் பனியன், விடவில்லை. இடது கால் திரும்பியிருந்த விதம் பார்த்தவுடன் தெரிந்தது. ரா. அவர் பக்கத்தில் முட்டி போட்டு, “ஒண்ணுமில்ல பிள்ளே, ஒண்ணுமில்ல பிள்ளே” என்றார். பையன்களை விசிலடித்து ஓட வைத்த அந்தக் குரலா இது.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தது பகவதி. நான் படியில் உலர்ந்து கிடந்த பாசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படி வழுக்கியிருக்கலாம் என்று யோசித்தேன். அப்படி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

படி வழுக்கவில்லை. மூன்று நாளாக வெயிலில் காய்ந்த படி. மதியம் செருப்பில்லாமல் ஏறிப் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் போனோம், பகவதியும் நானும். இடுப்பு எலும்பு முறிவு, தகடு வைத்து ஆபரேஷன் முடிந்துவிட்டது. வார்டில் ஆரஞ்சு வாசனை.

“அண்ணாச்சி, எனக்கு ஞாபகமே இல்ல கேட்டேளா. துணிய எடுத்தேன். அந்தச் சத்தம் வந்துது. பொறவு வானம் கீழ வந்துட்டு.” சரோஜம் சிரித்தார். “நல்ல வேள, துணி அழுக்காகல்ல.”

வெளியே வந்ததும் பகவதி: “நீங்க சொல்லுதீளா, நான் சொல்லட்டா?”

“நான் சொல்கிறேன்.”

“எப்பம்?”

பஸ் வந்துவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

எதிர்பார்க்காதது. இல்லை, எதிர்பார்த்திருக்க வேண்டியது.

இந்தத் தெருவில் தெருவிளக்கு எரியாவிட்டால், ஓடை அடைத்தால், நாய் கடித்தால் மனு எழுதுவது நான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அப்படித்தான். இன்று காலை ரா. இரண்டு வெள்ளைத் தாளும் ஒரு பேனாவுமாக வந்தார். ஷேவ் செய்திருக்கவில்லை.

“போக்குவரத்து ஆபீசுக்கு ஒரு மனு எழுதும். எனக்கு விசில்தான் ஊதத் தெரியும், எழுத்து ஒம்ம வேல. அந்தப் பய நேருல கேட்டதுக்கு, ‘பாட்டா, கம்பெனிக்காரன் விட்ட சத்தம்’னு செல்லுகான்.”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். பேனாவை வாங்கிக்கொண்டேன்.

நன்றாக எழுதினேன். அதுதான் என் வியாதி. எழுத உட்கார்ந்தால் சரியாக எழுதாமல் விட முடியாது. ஒரு பத்தி: ‘மேற்படி வாகனத்தின் புகைபோக்கியில் உள்ள வால்வு, இயல்பாக மூடிக்கொள்ளாதவாறு, அதன் வெற்றிடக் குழாயில் மாற்றம் செய்யப்பட்டுள்ளதாகத் தெரிகிறது.’ அடித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். வாக்கியம் சுத்தமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

சுவிட்ச் பற்றி எழுதவில்லை.

ரா. கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்தப் பத்தியில் விரல் நின்றது.

“இது எப்படி வேய் தெரியும்?”

“அனுமானம்தான்.”

“ம்.” கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி.

ஜூலை 3, வியாழன்

மேகமூட்டம். தெருவில் ஜீப். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்தார், கையில் நான் எழுதிய மனு. நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் நின்றார்.

“சார்! ஒங்ககிட்டப் படிச்சேன் சார். மூணு கலர் சாக்பீஸ்!”

தெருவே கூடிவிட்டது. ரா. தன் வீட்டு மதிலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜெனிஷ் சிரித்தபடி காரில் ஏறினான். ஸ்டார்ட் செய்வதற்கு முன் அவன் இடது கை கீழே போயிற்று. மேலே தள்ளினான்.

கார் பூனைக்குட்டி மாதிரி முனகியது. ஆய்வாளர் ஏதோ கருவியைப் பின்னால் பிடித்தார். எஞ்சினை ஏற்றச் சொன்னார், இறக்கச் சொன்னார். எல்லாம் அளவுக்குள். நான் செய்த வேலை, குறையே இல்லை.

“பாட்டா, கனவு கண்டு எந்திச்சியளா?” என்றான் ஜெனிஷ், ரா.வைப் பார்த்து. யாரோ சிரித்தார்கள். ரா.வின் கழுத்து நரம்பு புடைத்ததை நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன்.

ஆய்வாளர் மனுவை மறுபடி படித்தார். பிறகு என்னிடம் வந்தார். “வால்வுன்னு எழுதியிருக்கு. வெளிய ஒண்ணும் தெரியல்ல. நீங்க சொல்லுங்க சார். மாத்தியிருக்குன்னு ஒங்களுக்குத் தோணிச்சுன்னா ஆபீசுக்குக் கொண்டுபோய் லிப்ட்ல ஏத்திப் பாத்திரலாம். ஒங்க ஒரு வார்த்தை போதும்.”

ரா. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனிஷும். பகவதி எங்கள் வீட்டு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

“வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது” என்றேன்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஆய்வாளர் மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதினார். “பெரியவரே, இனி நல்லா விசாரிச்சிட்டு மனு குடுங்க” என்று ரா.விடம் சொல்லிவிட்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்.

ஜீப் முனை திரும்பியதும் ஜெனிஷ் சுவிட்சைக் கீழே தள்ளினான்.

ஜூலை 4, வெள்ளி

ஜெனிஷ் வந்தான், ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸோடு. “சார், அந்த சுவிட்ச் தெய்வமாக்கும்! புதுக்கடை ஊருல எனக்கு ரெண்டு கூட்டுக்காரன்மாரு இருக்கானுவ. அவனுவளுக்கும் இதே செட்டப் வேணுமாம். ஆபீசர் முன்னாலயே ஓட்டிக் காட்டினேன்னு செல்லி வச்சிருக்கேன்.”

பகவதி பொட்டலத்தை எடுத்துப் போய்க் கொல்லையில் காக்கைக்குப் போட்டாள்.

அவனுக்கு என்ன பதில் சொன்னேன்?

“பார்க்கிறேன் தம்பி.”

ஜூலை 7, திங்கள்

நாலு நாளாக மாலை நடை இல்லை. மழை என்று சொல்லிக்கொள்ளலாம், மழை இல்லை. இன்று தனியாகக் குளத்தங்கரை வரை போனேன். திரும்பும்போது வேறு தெரு வழியாக வந்தேன்.

ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்: ‘அன்புள்ள ராஜப்பன் அவர்களுக்கு’. பிறகு ‘அவர்களுக்கு’ என்பது சரியில்லை என்று அடித்தேன். பிறகு ‘அன்புள்ள’ என்பதை. பெயர் மட்டும் மிஞ்சியது.

மாத்திரை மறந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். சரோஜத்தை நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். காலை பத்து மணிக்கு ரா. மதிலுக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார். பத்து நாளுக்குப் பிறகு.

“அளவு டேப் இருந்தா எடுத்துட்டு வாரும்.”

தெருப் பக்க அறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நடக்கப் பிடிக்கும் நாலு கால் கம்பி. சத்தம் உள்ளே வராமல் ஜன்னலுக்குக் கனத்த பஞ்சுத் தட்டி செய்து மாட்ட வேண்டும். அளவெடுக்க நான்.

“அண்ணாச்சி வந்தாத்தான் அளவு சரியா இருக்கும்னு நாந்தான் செல்லிவிட்டேன்” என்றார் சரோஜம்.

அளக்கத் தொடங்கும்போது வெளியே கார். கீழே போட்டபடி. ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. சரோஜம் கண்ணை மூடிக் கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முட்டம் போன அன்று நான் சீட்டைப் பிடித்த மாதிரியே. சத்தம் முனை திரும்பிப் போயிற்று.

ரா. டேப்பின் நுனியை ஜன்னல் மூலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுமுனை என்னிடம். கட்டிலுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

“வெற்றிடக் குழாய்னு எழுதியிருந்தீரு. நான் டிரில் மாஸ்டராக்கும், மடையன் இல்ல. இந்தத் தெருவுல எவனுக்கு வேய் தெரியும் அப்படி ஒரு குழாய் உண்டுன்னு? கையெழுத்துப் போடும்பமே தெரியும் எனக்கு.”

நான் டேப்பில் உள்ள எண்களைப் பார்த்தேன்.

“அந்த ஆபீசர் முன்னால நீரா சொல்லுவீருன்னு நெனச்சேன். அந்தப் பய கை கீழ போச்சுல்லா? அப்பம் நான் வண்டியப் பாக்கல்ல. ஒம்ம மொகத்தப் பாத்தேன். நீரு அவன் கையப் பாத்துட்டு நின்னீரு.”

கட்டிலிலிருந்து: “அண்ணாச்சிக்குக் காப்பி குடுத்தியளா?”

“குடுக்கேன்” என்றார் சத்தமாக. பிறகு என்னிடம், மறுபடி தாழ்ந்த குரலில்: “அவளுக்குத் தெரியாது. நீரு நல்ல மனுசன்னு நெனச்சிட்டுக் கெடக்கா. கெடக்கட்டும். அளவச் சொல்லும்.”

சொன்னேன். காப்பி குடித்தேன். சீனி கூடுதல்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் உயரம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. நாலடி இரண்டு அங்குலம். அகலம் இல்லை. எங்கும் குறிக்கவில்லை. தட்டிக்கு நாளை ஆள் வருகிறான்.

அவர் குறித்து வைத்திருப்பார். போய்க் கேட்க வேண்டும்.